பஞ்சாமிர்தம் எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு

மேடையில் வீற்றிருக்கும் நம்ம முருகன் பஜனை மண்டலியின் தலைவர், மதிப்பிற்குரிய வேதாந்தம் சார் அவர்களே! எனக்கு முன்னாடி பேசி எல்லாரையும் கண்கலங்க வெச்ச பெரியவுகளே! இந்தப் பனியிலயும் புகையிலயும் சரோஜினி நகர் கம்யூனிட்டி ஹாலைத் தேடி வந்திருக்கிற தாய்மாரே, தம்பிமாரே! மாலைக்கு நடுவுல படமா உக்காந்து நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கிற எங்க ரத்தினவேல் அண்ணன் அவர்களே! எல்லாருக்கும் இந்தச் செல்லம்மாளோட வணக்கம்.

எனக்கு மேடை புதுசு. நான் இந்த ஹாலுக்குப் பின்னாடி அடுப்படியில நிக்கிறவ. மண்டலிக்குச் சுண்டலும் பஞ்சாமிர்தமும் பண்றது நான்தான். படிப்பும் ஊருப் பள்ளிக்கூடத்தோட சரி. "ரெண்டு நிமிஷம் பேசிட்டு எறங்கும்மா"ன்னு சொல்லித்தான் மேல ஏத்தி விட்டாக. ரெண்டு நிமிஷத்துல எனக்கு வணக்கமே சொல்லி முடியாது. அது உங்களுக்கும் தெரியும். பொறுத்துக்கங்க. இன்னைக்குக் கொஞ்சம் கூடப் பேசியாகணும்.

ஏன்னா, எனக்கு முன்னாடி பேசினவுக எல்லாரும் ஒண்ணுபோல முடிச்சாக. "கந்த சஷ்டி விரதத்துல, சூரசம்ஹாரத்தன்னைக்கு, சாமி சன்னதியில அருள் வந்து ஆடி, அப்படியே முருகன் காலடியில போய்ச் சேந்துட்டாரு ரத்தினவேல். இந்தச் சாவு எத்தனை பேருக்குக் கெடைக்கும்?" அப்படின்னாக. நீங்களும் தலைய ஆட்டுனீக. பின்னாடி வரிசையில ஒரு அம்மா, "கொடுத்து வெச்ச மனுசன்"னு கன்னத்துல போட்டுக்கிட்டாக.

எனக்குத் தலைய ஆட்ட முடியல. ஏன் தெரியுமா? இன்னைக்கும் சஷ்டி. அவுக போய் ஒரு மாசம் கழிச்சு வந்திருக்கிற வளர்பிறை சஷ்டி. இந்த ஹால்ல பாதிப் பேரு பட்டினி. டீ கொண்டு வந்தப்ப யார் யாரு கைய மடக்கி வேண்டாம்னு சொன்னாகன்னு நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

முன் வரிசையில அண்ணனோட சம்சாரம், எங்க வள்ளியம்மை அக்கா உக்காந்திருக்காக. அவுகளும் பட்டினிதான். "அவுக பாதியில விட்டுட்டுப் போன விரதத்த நான் முடிச்சு வெக்கிறேன்"னு படத்து முன்னாடி சொல்லிட்டு, காலையிலேருந்து பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் வாயில வெக்கல. மகன் கார்த்தி பக்கத்துலயே உக்காந்திருக்கான். அவன் சொல்லிப் பாத்துட்டான். நானும் சொல்லிப் பாத்துட்டேன். கார்த்தி, அம்மா சால்வை கீழ விழுந்து கெடக்கு பாரு. எடுத்துப் போர்த்தி விடுப்பா.

சரி. அண்ணனப் பத்திச் சொல்ல வந்தேன்.

ரத்தினவேல் அண்ணன் யாரு? சென்ட்ரல் கவர்மெண்டுல செக்‌ஷன் ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவுக. நம்ம மண்டலிக்குச் செயலாளர். இதெல்லாம் நோட்டீசுல போட்டிருக்கு. நோட்டீசுல இல்லாதத நான் சொல்றேன். நம்ம எல்லாரு உடம்பையும் தன் உடம்பாட்டம் பாத்தவுக அவுக.

பஜனை முடியும். கற்பூரம் காட்டுவோம். நாம எல்லாரும் பிரசாதத்துக்குத் தொன்னைய நீட்டுவோம். அந்த நேரம் பாத்து எந்திரிச்சு நிப்பாக. "அஞ்சு நிமிஷம், உடம்பப் பத்தி!" அவ்வளவுதான். அந்த அஞ்சு நிமிஷத்தக் கேக்காம ஒருத்தரும் சுண்டல் வாங்க முடியாது. நம்ம பட்டாபி மாமா, அந்தா சிரிக்கிறாகளே, அவுகதான் எப்பவும் கத்துவாக. "ஓய் ரத்தினவேல், சுண்டல் ஆறிப் போறதுய்யா!" அண்ணன் திரும்பிப் பாத்து, "சுண்டல் ஆறினா சூடு பண்ணிக்கலாம் மாமா. நீங்க ஆறிப் போனா என்ன பண்றது?"ம்பாக. ஹாலே சிரிக்கும். சிரிச்சுக்கிட்டே அவுக சொல்றத வாங்கிக்குவோம்.

என்னென்ன சொன்னாக! "குளுருதுன்னு தண்ணி குடிக்காம இருக்காதீக, ஒண்ணுக்கு மஞ்சளாப் போனா ஒடம்பு தண்ணி கேக்குதுன்னு அர்த்தம்"னு சொன்னாக. "காய்ச்சலுக்குப் பக்கத்து வீட்டுல மிச்சமிருக்குற மாத்திரைய வாங்கி முழுங்காதீக"ன்னு சொன்னாக. "புகை கூடின நாள்ல லோதி கார்டன்ல போயி நடக்காதீக, வீட்டுக்குள்ளயே நடங்க"ன்னு சொன்னாக. ஒரு தடவ ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல நான் அப்பளக்கட்டு வாங்கிக்கிட்டு நிக்கிறேன். எங்கிருந்தோ வந்து பைக்குள்ள எட்டிப் பாக்குறாக. "ஏன் தங்கச்சி, உங்க வீட்டுக்காரரு பிரஷர் மாத்திரைய இந்த அப்பளத்தோட தொட்டுக்கிட்டா முழுங்குறாரு?" கடைக்காரப் பையா வேற பல்லக் காட்டுறான். எனக்கு வெக்கமாப் போச்சு. கட்டத் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்.

இதெல்லாம் சின்னது. பெருசு ஒண்ணு இருக்கு.

நாங்க டெல்லிக்கு வந்த முதல் சர்தி, குளுருகாலம். எங்க வீட்டுக்காரவுக பச்சைமுத்து ஆபீசுல டிரைவர். ஒரே ஒரு ரூம். குளுருன்னா குளுரு, எலும்புக்குள்ள எறங்குற குளுரு. பக்கத்து வீட்டு இந்திக்காரம்மா கரி அடுப்பு ஒண்ணு குடுத்துச்சு. அங்கீட்டின்னு சொல்லுவாகளே, அது. நாங்க கட்டிலுக்கடியில வெச்சு மூட்டி விட்டுட்டு, சன்னல சாத்தி, கதவுக்குக் கீழ பழைய சேலையத் திணிச்சு, சொகமா உக்காந்திருக்கோம். அண்ணன் கோயில் வசூலுக்கு வந்து கதவத் தட்டினாக. தொறந்தேன். வாசல்லயே நின்னு மூஞ்சியச் சுளிச்சாக.

"உள்ள கரி எரியுதா?"

"ஆமாண்ணே. குளுரு தாங்கல."

"தலை வலிக்குதா?"

"ரெண்டு பேருக்கும் வலிக்குது. டெல்லித் தண்ணி ஒத்துக்கலபோல."

செருப்பக்கூடக் கழட்டல. நேரா உள்ள வந்து சன்னலத் தள்ளித் தொறந்தாக. அடுப்பத் தூக்கி வெளிய வெச்சாக. அப்புறம்தான் எங்கிட்டத் திரும்பினாக. "தண்ணியும் இல்ல, குளுரும் இல்லம்மா. கரி. இது வலிக்காமக் கொல்லும். தூக்கம் வருதுன்னு படுப்பீக. காலையில நாங்க வந்து கதவ ஒடைக்கணும்."

அன்னைக்குச் சாயங்காலம் அவுக வசூலுக்கு வராம இருந்திருந்தா? இன்னைக்கு இந்த மைக்குல பேச நான் ஏது? வலிக்காமக் கொல்றது, தூங்குற மாதிரி கொண்டு போறது, அதப் பாத்தவுடனே தெரிஞ்சுக்கிட்ட மனுசன் அவுக. அந்த மனுசனுக்கே அது வேற வேஷத்துல வந்துச்சு. நாம யாரும் தெரிஞ்சுக்கல.

அக்கா, நீங்க சொல்லுங்க, அண்ணன் கோயிலுக்குப் போனா சாமிய முதல்ல பாப்பாகளா, செருப்பு விடுற எடத்தப் பாப்பாகளா? ம்? என்ன அக்கா? சரி, தலைய ஆட்டிட்டாக. செருப்பு விடுற எடம்தான்! அங்க ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவாக. வர்றவுக எல்லாரு காலையும் பாப்பாக. "சக்கர வியாதிக்காரவுகளுக்குக் காலு மரத்துப் போகும், முள்ளுக் குத்தினாலும் தெரியாது, தெனம் உள்ளங்காலக் கண்ணாடி வெச்சுப் பாருங்க"ன்னு சொன்னா யாரு பாக்குறா? அதான் அவுகளே பாத்தாக. எங்க வீட்டுக்காரவுக கால்ல ஒரு ஓட்டை, ஆணி ஏறி, சீழ் கோத்து நிக்குது. அவுகளுக்கு வலியே இல்ல. அண்ணன் பாத்துட்டாக. அன்னைக்கே ஆஸ்பத்திரி. இன்னைக்கும் அந்தக் காலோடதான் எங்க வீட்டுக்காரவுக நடக்குறாக. ஊருக் காலெல்லாம் பாத்த மனுசன்! அந்தக் கண்ண எங்கே தேடுவோம்? அந்த ஸ்டூலுல இனி யாரு உக்காருவா?

பெரியோர்களே! இம்புட்டும் சொன்னவுக சொன்னதுல ஒண்ணே ஒண்ணு, பாதிதான் சரி. இரங்கல் கூட்டத்துல, படத்துக்கு நேரா நின்னு, போனவுக சொன்னது தப்புன்னு பேசலாமான்னு நீங்க கேக்கலாம். பேசியாகணும். அந்த ஒரு வார்த்தை அவுகளோட போயிருந்தா நான் பேச மாட்டேன். அது போகல. இன்னும் உங்க காதுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்னெல்லாம் விரத நாள்ல நம்ம சனம் மாத்திரையும் முழுங்காது. மாத்திரை முழுங்கினா விரதம் போயிரும்னு. அப்படித்தான் ஒருத்தரு பிரஷர் மாத்திரைய நிறுத்தி, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. அதப் பாத்துட்டு அண்ணன் அன்னையிலேருந்து ஒரே பேச்சு. "தண்ணியும் மாத்திரையும் விரதத்துல சேராது. அதால விரதம் முறியாது. மாத்திரைய விடாதீக, முருகன் கோவிச்சுக்க மாட்டான்!" எத்தனை தடவ சொன்னாக! நாம எத்தனை தடவ கை தட்டினோம்! பாட்டு மாதிரி ஆயிப்போச்சு. தண்ணியும் மாத்திரையும் விரதத்துல சேராது. பிரஷர்காரவுகளுக்கு அது நல்லதாத்தான் போச்சு.

ஆனா சக்கர மாத்திரை? யாராச்சும் கேட்டோமா? அவுகளே கேட்டாகளா?

அந்த மாத்திரையில சிலது இருக்கு. பின்னாடியே சோறு வரும்னு நம்பி உள்ள எறங்கி வேலை பாக்குற மாத்திரை. சோறு வரலன்னா அது சும்மா திரும்பிப் போகாது. ரத்தத்துல இருக்கிற சக்கரையக் கொறைச்சுக்கிட்டே போகும். மூளைக்கு வேண்டியதும் இல்லாமப் போயிரும். இன்சுலின் ஊசியும் அப்படித்தானாம். இத எனக்கு யாரு சொன்னா? ஆஸ்பத்திரியில டாக்டரு சொன்னாரு. எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்னாரு.

கந்த சஷ்டி ஆறு நாளும் அண்ணன் ராத்திரிக்கு ஒரு தம்ளர் பாலோட இருந்தாக. கடைசி நாள் அதுவும் இல்ல. அவுகளுக்கும் சக்கர வியாதிதான்; மாத்திரைய மட்டும் விடல. அவுக சொன்னத அவுகளே விடுவாகளா? சாயங்காலம் இதே ஹாலு. இந்தப் படம் இருக்கிற எடத்துல வேலு நட்டிருக்கு. முன்னாடி பெரிய பாத்திரத்துல நான் பண்ணின பஞ்சாமிர்தம், வாழையிலை போட்டு மூடி, நைவேத்தியத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு. அண்ணன் அதுக்குப் பக்கத்துல உக்காந்து ஜால்ரா போடுறாக.

தாளம் தப்பினுச்சு.

ரத்தினவேல் அண்ணன் தாளம் தப்பி யாராச்சும் கேட்டிருக்கீகளா? அன்னைக்குத் தப்பினுச்சு. அப்புறம் கை நடுங்குச்சு. சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டுற அளவுக்கு வேர்வை. வார்த்தை கொழறுச்சு. நம்ம சனம் என்ன சொல்லுச்சு? "சாமி வந்திருச்சு! அரோகரா!" பாட்ட இன்னும் ஒசத்திப் பிடிச்சாக. நெத்தி நெறைய விபூதியப் பூசுனாக. ஒருத்தரு கிட்டப் போயி, "என் மகளுக்கு எப்ப முருகா கல்யாணம் கூடும்?"னு வாக்குக் கேட்டாரு. அண்ணன் என்ன சொன்னாக? "வீட்டுக்குப் போகணும். என்னைய வீட்டுக்குக் கொண்டு போங்க." அவுக சொன்னது அதுதான். நாம அதுக்கு என்ன அர்த்தம் சொன்னோம்? "மலைக்குப் போகணும்ங்குது சாமி"ன்னோம்!

நான் சத்தம் கேட்டு அடுப்படியிலேருந்து வெளிய வந்தேன். சுத்தி ஒரே கூட்டம். ஆளுகளுக்கு நடுவுல எனக்கு அவுக காலு ரெண்டும் மட்டும்தான் தெரிஞ்சுச்சு. வெறுங்காலு. வெலவெலன்னு நடுங்குது. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. "சாமி எறங்கிருச்சு, அசதியா இருக்கும், படுக்கட்டும்"னு சொன்னாக. செவுத்தோரமா ஜமுக்காளத்துல படுக்க வெச்சு, சால்வையப் போர்த்தி விட்டு, சூரசம்ஹாரம் பாடி முடிச்சோம்.

கார்த்தி குர்காவுன் ஆபீசுலேருந்து வந்து, "அப்பா, உட்டோ, வீட்டுக்குப் போலாம்"னு எழுப்புறான். எந்திரிக்கல. அப்பத்தான் கார எடுத்தோம். ரிங் ரோடு பூரா வண்டி. ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரு, வடநாட்டுப் புள்ள. வெரல்ல குத்திப் பாத்தாரு. மூஞ்சி மாறிப்போச்சு. ஊசி போட்டாரு, என்னென்னமோ பண்ணினாரு. அப்புறம் வெளிய வந்து எங்கிட்டத்தான் கேட்டாரு. "மாதாஜி, மீட்டா குச் நஹி தியா?"

இனிப்பா எதுவுமே குடுக்கலியான்னு கேக்குறாரு.

நான் என்னத்தச் சொல்ல? முழிச்சு இருக்கிறப்பவே ஒரு கை சக்கர போட்டிருந்தா இவரு இங்க வந்திருக்கவே மாட்டாருன்னாரு. ஒரு கை சக்கர! எட்டுற தூரத்துல பாத்திரம் நெறையப் பஞ்சாமிர்தம் இருந்துச்சு. தேனும் வெல்லமும் பழமுமா, என் கையால பெசஞ்சது. நைவேத்தியம் ஆகலன்னு மூடியே கெடந்துச்சு.

இப்பச் சொல்லுங்க. முருகனா கூட்டிட்டுப் போனான்? அந்தப் பழிய ஏன் அவன் மேல போடுறீக? கோவணத்தோட நிக்கிற அந்தப் புள்ள எந்த வீட்டுல வந்து ரத்தினவேல் அண்ணன் பட்டினி கெடந்து சாகட்டும்னு கேட்டான்?

நான் சாமி இல்லன்னு சொல்ல வரல. என் நெத்தியப் பாருங்க, கையில கயித்தப் பாருங்க. விரதம் இருக்காதீகன்னும் சொல்ல வரல. விரதத்துக்கு முன்னாடி உங்க டாக்டரக் கேளுங்க. எந்த மாத்திரை, எவ்வளவு, விரதம் இருக்கலாமா கூடாதான்னு அவுகதான் சொல்லணும். நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களாப் பாதியா ஒடைக்கவும் கூடாது. இதத்தான் அண்ணன் சொல்லாம விட்டாக. அந்த அஞ்சு நிமிஷத்துல இது ஒண்ணுதான் பாக்கி.

இப்ப ஒரு கேள்வி. காலையில சக்கர மாத்திரையும் போட்டுட்டு, பட்டினியாவும் உக்காந்திருக்கிறவுக யாரு? கையத் தூக்குங்க பாப்போம்.

ஒருத்தரும் இல்லியா?

ஒரு கையும் காணோம். எல்லாரும் பக்கத்துல இருக்கிறவுகளப் பாக்குறீக. சரி. நான் பொய்யின்னு சொல்ல மாட்டேன். கூச்சமா இருக்கும்.

கார்த்தி, அம்மா மறுபடியும் சால்வையத் தள்ளிட்டாகளா? குளுரலியாமா? நான் இங்க மேடையில நின்னு பேசுறப்ப வாயிலேருந்து ஆவி வருது. அவுக ஏன் முந்தானையில கழுத்தத் தொடைக்கிறாக?

அக்கா? வள்ளியம்மை அக்கா? என்னையப் பாருங்க. நான் யாரு?

என்ன சொன்னாக, கார்த்தி? சத்தமாச் சொல்லு. "பால் பொங்குது, அடுப்ப அணை"ன்னா?

யாரும்மா அது, "துக்கத்துல பேதலிச்சுப் பேசுறாக"ன்னு சொல்றது? துக்கத்துக்குக் கண்ணுதான் வேர்க்கும். கழுத்து வேர்க்காது. நான் எறங்கி வரேன். மைக்க எடுத்துக்கிட்டே வரேன். வழிய விடுங்க, வழிய விடுங்க.

வேதாந்தம் சார், நீங்க என்ன சொன்னீக? "அழுது களைச்சிருக்கா, உள்ள கொண்டு போய்ப் படுக்க வைங்கோ"ன்னா? படுக்க வெக்கவா? சார், அன்னைக்கும் அதத்தான் சொன்னோம்! படுக்க வெக்கக் கூடாது. யாரும் அக்காவப் படுக்க வெக்கக் கூடாது!

கார்த்தி, அடுப்படியில டீ மேசையில சக்கர டப்பா இருக்கு. ஒரு தம்ளர் தண்ணியும் கொண்டா. ஜல்தி! ஓடு!

அக்கா, கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? காலையில சக்கர மாத்திரை போட்டீகளா? போட்டுட்டாக. தலைய ஆட்டுறாக. என்னக்கா? "தண்ணியும் மாத்திரையும் விரதத்துல சேராது"ங்கிறீகளா? அய்யோ, என் அக்கா! அவுக வார்த்தையக் காப்பாத்துறேன்னு அவுக பின்னாடியே கெளம்பிட்டீகளா?

எல்லாரும் பாருங்க. நல்லாப் பாத்து வெச்சுக்கங்க. இப்படித்தான் இருக்கும். வேர்க்கும், நடுங்கும், பேச்சு மாறும், கோவம் வரும், ஆளத் தெரியாது. துக்கம் மாதிரி இருக்கும், தூக்கம் மாதிரி இருக்கும், சாமி மாதிரியும் இருக்கும். கண்ணு முழிச்சிருக்காக, எச்சிய முழுங்குறாக. அதனால வாயில குடுக்கலாம். நெனவு தப்பியிருந்தா ஒரு சொட்டும் ஊத்தக் கூடாது, பொரையேறிரும். அப்படியே ஒருக்களிச்சு வெச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். புரியுதா?

கொண்டா தம்பி. நல்லாப் போடு, தண்ணியில கரையட்டும், இன்னும் போடு. அக்கா, குடிங்க. அக்கா!

பல்லக் கடிச்சுக்கிட்டாக. "சஷ்டி, சஷ்டி"ங்கிறாக. வாயத் தொறக்க மாட்டேங்கிறாக.

அந்தப் படத்து முன்னாடி இன்னைக்கும் பஞ்சாமிர்தம் வெச்சிருக்கேன். யாராச்சும் அந்த வாழையிலைய எடுங்க. என்ன முழிக்கிறீக? நைவேத்தியம் ஆகலியா? தள்ளுங்க, நானே எடுக்குறேன். முருகா, இன்னைக்கு உனக்கு முன்னாடி உன் புள்ளைக்கு ஊட்டுறேன். குத்தம்னா எனக்கு வரட்டும். அக்கா, இந்தாங்க, பிரசாதம். கைய நீட்டுங்க. முருகன் பிரசாதம் அக்கா.

தொறந்துட்டாக. பிரசாதம்னா வாய் தானாத் தொறக்குது. கார்த்தி, இப்பத் தண்ணியக் குடு. கொஞ்சம் கொஞ்சமா. இன்னும் ஒரு வாய். குடிக்கிறாக. குடிச்சுட்டாக.

உக்காருங்க எல்லாரும். காத்த மறைக்காதீக. கா மணி நேரம் பொறுத்துப் பாக்கணும்னு டாக்டரு சொன்னாரு. தேறலன்னா மறுபடி சக்கர. தேறினா வயித்துக்குச் சோறு. தேறினாலும் இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், இந்த மாத்திரை மறுபடியும் இழுத்துட்டுப் போகுமாம். தம்பி, காரைத் திருப்பி வாசலுக்கு நேரா நிறுத்தச் சொல்லு.

நான் இப்படியே தரையில அக்கா பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் பேசி முடிச்சுக்கிறேன். எனக்கும் வேர்த்திருக்கு. இது பயம். எனக்குச் சக்கர வியாதி இல்ல.

இரங்கல் கூட்டத்துல கடைசியா, போனவுக விட்ட பணியத் தொடருவோம்னு உறுதி எடுப்போம். எடுக்கலாம். ஆனா வெறும் வாய் வார்த்தையா வேண்டாம். இனிமே இந்த மண்டலியில "அஞ்சு நிமிஷம், உடம்பப் பத்தி" பஜனைக்குப் பின்னாடி இல்ல, முன்னாடி. சக்கர மாத்திரை போடுறவுக யாருன்னு பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பக்கத்துல இருக்கிறவுகளுக்குத் தெரியணும். குத்துவிளக்குக்குப் பக்கத்துல ஒரு சக்கர டப்பா இருக்கணும். யாராச்சும் ஆடினா முதல்ல வாயில சக்கர, அதுக்கப்புறம்தான் அரோகரா. நெசமாவே சாமின்னா என்ன பண்றதுன்னு பட்டாபி மாமா கேக்குறாக. கேக்கட்டும். சாமியா இருந்தா இனிப்பச் சாப்பிட்டுட்டுப் போகட்டும் மாமா! முருகனுக்கு இனிப்பு புதுசா?

ரத்தினவேல் அண்ணே! உங்க ஸ்டூலுல நான் உக்காருறேன். எனக்கு உங்க அளவுக்கு விவரம் பத்தாது. தெரியாதத டாக்டரக் கேட்டுட்டு வந்து சொல்றேன். நீங்க சொன்னத எல்லாம் சொல்லுவேன். கரியச் சொல்லுவேன், காலச் சொல்லுவேன், தண்ணியச் சொல்லுவேன். அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்திச் சொல்லுவேன். மன்னிச்சுக்கங்க. நீங்க இருந்தா நீங்களே மாத்தியிருப்பீக.

என்னக்கா? என்ன? "ஏண்டி செல்லம்மா, காதுகிட்ட வந்து இந்தக் கத்து கத்துற"ங்கிறாக! கேட்டீகளா? என் பேரச் சொல்லிட்டாக. முருகா! முருகா! கார்த்தி, அழுவாத. அம்மா கையப் பிடிச்சுக்க. சால்வைய இப்பப் போர்த்தலாம், குளுருதாம்.

இப்பத் திரும்பக் கேக்குறேன். கூச்சப்படாதீக. இவ்வளவு நேரம் கண்ணால பாத்துட்டீக. காலையில சக்கர மாத்திரையும் போட்டுட்டு, இன்னும் ஒண்ணும் சாப்பிடாம உக்காந்திருக்கிறவுக கையத் தூக்குங்க.

அந்தத் தூணுக்குப் பக்கத்துல ஒரு கை. அந்த அம்மா. சரி. பின்னாடி, கதவோரம்... நீங்களுமாண்ணே? பக்கத்துல உங்க சம்சாரமும் சேந்தா? பட்டாபி மாமா! இவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீகளே! அங்க... அங்கயும்... அடி ஆத்தா, எத்தனை கை!

வேதாந்தம் சார், நீங்க ஏன் மேடையில எந்திரிச்சு நிக்கிறீக? உங்களக் கேக்கலியே நான். ஓ, நீங்களும் கையத் தூக்குறீகளா? எறக்குங்க சார், பாத்துட்டேன். உக்காருங்க. சார், உக்காருங்க. அந்தக் கை ஏன் சார் அப்படி ஆடுது?

கார்த்தி! டப்பாவ மூடாத. மேடைக்குக் கொண்டா.